கண்ணாடி இழை நுனியில் அல்ட்ராசவுண்ட்: நுங்கைப் படம் எடுக்கும் வரை முழு வழிகாட்டி

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் நடந்தால் பத்தடிக்கு ஒரு ஸ்கேன் சென்டர் போர்டு தென்படும். உள்ளே வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கைக்கடக்கமான ப்ரோபை வைத்து அழுத்துகிறார்கள். வெளியே அதே தெருவில் ஒருவர் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, பிராட்பேண்ட் ஃபைபரை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். முதலாமவர் கேட்கும் ஒலியை இரண்டாமவர் கையில் இருக்கும் கண்ணாடி இழையின் நுனியிலேயே கேட்க முடியும். அதைச் செய்து பார்ப்பதற்கான வழிதான் இது. எலெக்ட்ரானிக்ஸ், பயோமெடிக்கல், இயற்பியல் படிக்கும் கடைசி வருடப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கல்லூரி லேப் ஒன்றில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எது சொதப்பும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில், எதற்கு இந்த இழை

அல்ட்ராசவுண்டைப் பாடப்புத்தகம் மீயொலி என்று சொல்லும், ஊர் ஸ்கேன் என்று சொல்லும். மருத்துவத்தில் பெரும்பாலும் 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. இன்றைய ப்ரோபுகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது பீசோ படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைச் சிறிதாக்கச் சிறிதாக்க சிக்னலும் சிறுத்துப்போகும். பரப்பு குறைந்தால் கிடைக்கும் மின்னூட்டமும் குறையும், அவ்வளவுதான் காரணம். தலைமுடி அளவுக்குக் குறைத்தால் இரைச்சலுக்குள் சிக்னலைத் தேட வேண்டியதுதான். கூடவே மின்கம்பி வேறு போக வேண்டும், எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் அது தொல்லை.

ஃபைபரின் விட்டம் 0.125 மி.மீ. அதன் நுனியில் உள்ள உணரியின் கூர்மை பரப்பைப் பொறுத்ததல்ல. ஒளி எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் சிறிதாக இருந்தாலும் காது மந்தமாகாது. ஊசிக்குள் போகும், ரத்தக்குழாய்க்குள் போகும், காந்தத்துக்கு அஞ்சாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழுவினர் 2017-ல் ஊசி வழியாக ஒளியிழைகளைச் செலுத்தி, உயிருள்ள பன்றியின் இதயத்துக்குள்ளிருந்து அல்ட்ராசவுண்ட் படம் எடுத்துக் காட்டினார்கள். அதில் ஒலியை எழுப்பியதும் ஒளி, கேட்டதும் ஒளி. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒலியை எழுப்புவதைப் பழைய பீசோவுக்கே விட்டுவிட்டு, கேட்கும் வேலையை மட்டும் இழைக்குக் கொடுப்போம்.

வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோபை இது ஒழித்துவிடும் என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ப்ரோப் போக முடியாத இடத்துக்குத்தான் இது.

எப்படிக் கேட்கிறது

இழையின் நுனியில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் படலம், 25 மைக்ரோமீட்டர் தடிமன். உள்ளிருந்து வரும் லேசர் ஒளி இரண்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் திரும்பும்: இழையும் படலமும் சேரும் இடம், படலமும் தண்ணீரும் சேரும் இடம். திரும்பிய இரண்டு ஒளியும் ஒன்றோடொன்று கூடும், அல்லது ஒன்றையொன்று அழிக்கும். எது நடக்கும் என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது. 1899-ல் ஃபாப்ரியும் பெரோவும் செய்து காட்டிய கருவியின் குட்டி வடிவம் இது. ஒலி அலை வந்து மோதினால் படலம் நசுங்கும், தடிமன் மாறும், திரும்பும் ஒளி கூடும் குறையும். ஃபோட்டோடயோடு அதை மின்னழுத்தமாக மாற்றித் தரும்.

எவ்வளவு நசுங்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், வியப்பாக இருக்கும். நாம் பயன்படுத்தும் பசையின் யங் குணகம் சுமார் 1 கிகாபாஸ்கல். 1 கிலோபாஸ்கல் அழுத்தம் வந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சுருங்கும். 25 மைக்ரோமீட்டரில் அது 25 பிகோமீட்டர். ஹைட்ரஜன் அணுவின் விட்டமே 100 பிகோமீட்டருக்குச் சற்று மேல். அதாவது அணுவில் கால்வாசி அசைவைத்தான் கேட்கப் போகிறோம். பிராட்பேண்ட் ஃபைபரும் ஃபெவிக்விக் மாதிரி ஒரு பசையும் வைத்துக்கொண்டு!

ஒளியும் மீயொலியும் சந்திக்கும் இடம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. மீயொலி போகும் திரவத்தில் ஒளி எப்படிச் சிதறும் என்பதை ராமனும் நாகேந்திர நாத்தும் 1935-லேயே விளக்கிவிட்டார்கள்.

படி 1: பொருள் சேர்ப்பது

1550 நானோமீட்டர் டி.எஃப்.பி. லேசர் ஒன்று (ஒரே அலைநீளத்தில் ஒளி தரும் வகை, வெப்பநிலையை மாற்றும் வசதியோடு), மூன்று முனை சர்குலேட்டர் (ஒரு முனையில் வரும் ஒளியை அடுத்த முனைக்கு மட்டும் அனுப்பும்), 50 மெகாஹெர்ட்ஸ் வேகமாவது உள்ள இண்டியம் காலியம் ஆர்சனைடு ஃபோட்டோ ரிசீவர், 100 மெகா சாம்பிள் வேகத்தில் ஓடும் ஆஸிலாஸ்கோப். ரிசீவரில் டி.சி. (ஒளியின் நிலையான அளவு), ஏ.சி. (அதில் வரும் வேகமான ஏற்ற இறக்கம்) இரண்டு வெளியீடும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருப்பதை வாங்கிவிட்டால் படி 4-இல் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். அப்புறம் ஒளிவிலகல் எண் 1.56 அளவுள்ள புற ஊதாவில் இறுகும் ஒளியியல் பசை, புற ஊதா டார்ச், அதற்கான பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி.

ஸ்ட்ரிப்பர் (உறையை உரிப்பது), கிளீவர் (இழையை நேராக வெட்டுவது), பவர் மீட்டர் (ஒளியை அளப்பது), ஸ்ப்ளைசிங் மெஷின் (இரண்டு இழையை உருக்கி ஒட்டுவது) இவற்றை வாங்க வேண்டாம். ஊரில் பிராட்பேண்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பியை நட்பாக்கிக்கொள்ளுங்கள். அவர் கையில் வருவது உங்கள் கையில் வர ஆறு மாதமாகும்.

ஒலி எழுப்ப, வெல்டிங் சோதனைக்குப் பயன்படும் தண்ணீருக்குள் வைக்கும் 5 மெகாஹெர்ட்ஸ் இம்மர்ஷன் டிரான்ஸ்டியூசரும், அதற்கு மின்துடிப்பு கொடுக்கும் பல்சரும். தெரிந்த டாக்டரிடம் பழைய ஸ்கேன் மெஷினைக் கேட்டு வாங்கி வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த மெஷின்கள் பதிவு செய்யப்பட்டவை. பதிவில்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோனால் கொடுத்தவருக்கும் வம்பு, வாங்கியவருக்கும் வம்பு. உங்கள் அமைப்பு எந்த வகையில் சேரும் என்பதில் சிறு ஐயம் இருந்தாலும் கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டு தொடங்குங்கள்.

படி 2: நுனி வெட்டுவது

மேல் உறையை உரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் வைத்து வெட்டுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. வெட்டிய துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விரலில் ஏறினால் இரண்டு நாள் குத்தும். ஒரு பாட்டிலில் போட்டு மூடுங்கள். அந்த மேசையில் டீ, வடை எதுவும் வேண்டாம்.

லேசரை சர்குலேட்டரின் முதல் முனையிலும், வெட்டிய இழையை இரண்டாம் முனையிலும், பவர் மீட்டரை மூன்றாம் முனையிலும் இணையுங்கள். காற்றில் இருக்கும் நல்ல வெட்டு சுமார் 3.3% ஒளியைத் திருப்பும், அதாவது 15 டிபி (டெசிபெல்) குறைவு. சர்குலேட்டர் லாஸ் ஒன்று இரண்டு டிபியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது நுனியைத் தண்ணீரில் முக்குங்கள். திரும்பும் ஒளி 0.2 சதவீதத்துக்கு விழும், ரீடிங் சுமார் 12 டிபி இறங்கும். இறங்கினால் வெட்டு சரி, இணைப்பும் சரி.

இறங்கவில்லையா? அப்படியானால் ஒளி நுனியிலிருந்து திரும்பவில்லை, வழியில் வேறெங்கோ திரும்புகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். முதல் முறை நான் செய்தபோது ரீடிங் அசையவே இல்லை. பசை சரியில்லை, லேசர் சரியில்லை என்று இரண்டு வாரம் மாணவர்களைப் படுத்தினேன். ஸ்ப்ளைஸ் அடிக்க வந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, பச்சைக் கனெக்டர்ல நீலத்தைக் கொண்டு சொருகியிருக்கீயளே, இது சேருமா?” என்றார். பச்சை எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலம் நேராகத் தீட்டியது. இரண்டையும் சேர்த்தால் நடுவில் காற்று இடைவெளி விழும், அங்கேயே ஒளி திரும்பிவிடும். எல்லா இணைப்பும் பச்சையாகவே இருக்கட்டும். இன்னும் நல்லது, முடிந்த இடத்திலெல்லாம் ஸ்ப்ளைஸ் அடித்துவிடுவது.

1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. லேசர் ஓடும்போது நுனியை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

படி 3: பசைப் படலம்

பெரிய ஆய்வகங்களில் பாரிலீன் என்னும் பாலிமரை வெற்றிட அறையில் படியவைத்து, இருபுறமும் ஒளியைத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பூச்சு கொடுப்பார்கள். அது இங்கே ஆகாது. நாம் செய்வது ஏழையின் வழி. பூச்சில்லாமலே, 1.56 எண் உள்ள பசை இழையிடம் 0.15 சதவீதமும் தண்ணீரிடம் 0.7 சதவீதமும் ஒளியைத் திருப்பும். குறைவுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து குறுக்கிடும்போது கிடைக்கும் ஏற்ற இறக்கம் தெளிவாகவே தெரியும்.

கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டுப் பசையை விட்டு, பிளேடு விளிம்பால் மெல்லிசாக இழுங்கள். வெட்டிய நுனியைச் செங்குத்தாக இறக்கி, பசையைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். நுனியில் குட்டிக் கூரை போலக் கவிந்து நிற்கும். உடனே டார்ச்சைக் காட்டி இறுக்குங்கள். மைக்ரோஸ்கோப்பில் பக்கவாட்டில் பார்த்தால் அளவுகோல் தேவையில்லை, இழையின் அகலமே அளவுகோல். படலத்தின் உயரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் 25 மைக்ரோமீட்டர். பாதி அளவுக்குக் குண்டாக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். தடிமன் கூடினால் உயர்ந்த அதிர்வெண் கேட்காது. 25 மைக்ரோமீட்டரில் 20 மெகாஹெர்ட்ஸ் வரை கவலையில்லை.

ஒரே ஒரு நுனியோடு நிறுத்தாதீர்கள், குறைந்தது ஐந்து செய்யுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது. செய்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பசை கொஞ்சம் தண்ணீர் குடித்து உப்பும். அது உப்பி முடிக்கட்டும், இல்லாவிட்டால் அளக்கும்போது ரீடிங் நகர்ந்துகொண்டே இருக்கும்.

படி 4: சரிவைப் பிடிப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. லேசரின் அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போனால் திரும்பும் ஒளி மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கும். 25 மைக்ரோமீட்டர் படலத்துக்கு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு சுமார் 31 நானோமீட்டர். மலை உச்சியில் நின்றால் படலம் கொஞ்சம் நசுங்கினாலும் ஒளி மாறாது, பள்ளத்திலும் அப்படியே. நடுச் சரிவில் நின்றால்தான் சிறு அசைவும் சிக்னலாகும். உச்சியில் உட்கார்ந்துகொண்டு “சென்சார் வேலை செய்யவில்லை” என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விலை கூடிய டியூனபிள் லேசர் இருந்தால் சரிவைத் தேடிப் போகலாம். நம் டி.எஃப்.பி. லேசர் ஒரு டிகிரிக்கு 0.1 நானோமீட்டர்தான் நகரும், மலை முழுவதையும் சுற்றிவர அதனால் ஆகாது. அதனால்தான் ஐந்து நுனி. கைவேலையில் தடிமன் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும், ஏதாவது ஒன்று சரிவில் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் தண்ணீரில் வைத்து, லேசர் வெப்பநிலையை 10 டிகிரி மாற்றி, டி.சி. எவ்வளவு நகர்கிறது என்று குறியுங்கள். நல்ல சரிவில் இருக்கும் நுனி சுமார் 15% நகரும். உச்சியிலோ பள்ளத்திலோ இருப்பது ஏறக்குறைய அசையாது. ஒரு எச்சரிக்கை: வெப்பநிலையை மாற்றினால் லேசரின் சக்தியும் கொஞ்சம் மாறும். பசை இல்லாத வெட்டு நுனி ஒன்றில் அதே சோதனையைச் செய்து, அந்த மாற்றத்தைக் கழித்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில், மதியம் ஃபேன் மட்டும் ஓடும் லேபில், காலையில் பிடித்த சரிவு மூன்று மணிக்கு இருக்காது. டி.சி.யைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகர்ந்தால் லேசரை அரை டிகிரி, ஒரு டிகிரி திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 5: தண்ணீரும் முதல் சிக்னலும்

அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போதும், இதற்குப் போதாது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சிறு குமிழாக நுனியில் வந்து ஒட்டும். காற்றில் மோதும் அல்ட்ராசவுண்ட் அப்படியே திரும்பிப் போய்விடும். ஸ்கேன் சென்டரில் ஜெல் தடவுவதும் இந்தக் காற்றை விலக்கத்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, தொட்டியின் சுவரோடு மெதுவாக ஊற்றுங்கள்.

டிரான்ஸ்டியூசருக்கு எதிரே 50 மி.மீ. தூரத்தில் நுனியை வையுங்கள். பல்சரின் டிரிகரை ஆஸிலாஸ்கோப்புக்குக் கொடுங்கள். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 1509 மீட்டர், சிக்னல் 33 மைக்ரோசெகண்டில் வரவேண்டும். தொடக்கத்திலேயே ஒரு துள்ளல் தெரியும், அது பல்சரின் மின்னிரைச்சல் ரிசீவர் மின்சுற்றில் ஏறுவது. அதைப் பார்த்துக் கொண்டாடிவிடாதீர்கள். நடுவில் ஒரு தெர்மாகோல் துண்டைச் செருகுங்கள். 33-இல் இருப்பது மறைந்து, தொடக்கத் துள்ளல் மட்டும் நின்றால், நீங்கள் கேட்டது ஒலிதான்.

படி 6: கடல்பாசித் திசு

நோன்பு மாதத்தில் மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கடல்பாசி (அகர் அகர்), சீனியும் பாலும் சேர்க்காவிட்டால், மனிதத் திசுவுக்கு நல்ல மாற்று. 860 கிராம் தண்ணீர், 110 கிராம் கிளிசரின், 30 கிராம் கடல்பாசித் தூள். கிளிசரின் எதற்கென்றால், ஒலியின் வேகத்தைத் திசுவின் 1540 மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவர. 90 டிகிரிக்கு மேல் கரைத்து, 50 டிகிரிக்கு ஆறியதும் ஒரு சிட்டிகை மெல்லிய கிராஃபைட் தூளைச் சேர்த்து, குமிழ் விழாமல் மெதுவாகக் கிண்டுங்கள். இந்தத் தூள்தான் படத்தில் திசு போன்ற மணல் மணலான தோற்றத்தைத் தரும். 40 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும், அதற்குள் அச்சில் ஊற்றிவிடுங்கள்.

அச்சில் முன்கூட்டியே மூன்று நைலான் நரம்பை வெவ்வேறு ஆழத்தில் இழுத்துக் கட்டியிருங்கள். உவரி, கூட்டப்புளி பக்கம் மீன்பிடிக்கும் மெல்லிய நரம்பு போதும். படத்தில் அவை மூன்று புள்ளியாக விழ வேண்டும். விழாவிட்டால் கணக்கில் தப்பு.

படி 7: நகர்த்திக் கேட்பது

டிரான்ஸ்டியூசர் அசையக் கூடாது. அதன் முகத்துக்கு 5 மி.மீ. முன்னால் இழை நுனியைச் சாய்வாக நிறுத்தி, குறுக்கே நகர்த்துங்கள். இழை அவ்வளவு மெல்லிசு என்பதால் போகும் அலையை மறைக்காது. 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மி.மீ., அதில் பாதியை விடச் சிறிய அடியாக வைக்க வேண்டும். பழைய 3டி பிரிண்டரின் திருகு ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும், மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 ஸ்டெப். மூன்று ஸ்டெப் என்றால் 0.12 மி.மீ. அப்படி 128 இடம், மொத்தம் 15 மி.மீ. சொச்சம்.

எதிரொலி சில கிலோபாஸ்கல்தான் இருக்கும், ஒரு தடவை கேட்டால் இரைச்சலில் தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் 256 தடவை கேட்டுச் சராசரி எடுத்தால் இரைச்சல் பதினாறில் ஒரு பங்காகும். திருகை எப்போதும் ஒரே திசையிலிருந்து நகர்த்துங்கள், திரும்பி வரும்போது பல்லிடுக்கில் கொஞ்சம் லூசு இருக்கும்.

படி 8: படமாக்குவது

கம்ப்யூட்டரில் 128 வரி டேட்டா இருக்கிறது. படத்தின் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்டியூசரிலிருந்து அந்த ஆழத்துக்கு அலை போகும் தூரம், அங்கிருந்து இழை நுனிக்குத் திரும்பும் சாய்வுத் தூரம், இரண்டையும் கூட்டி ஒலி வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் அந்தந்த நேரத்து மதிப்பை எடுத்துக் கூட்டுங்கள். அங்கே உண்மையில் ஏதாவது இருந்தால் 128-உம் ஒரே குரலில் பேசும். இல்லாவிட்டால் கூட்டலும் கழித்தலுமாக அடங்கிவிடும். பைத்தானில் முப்பது வரிக்குள் முடியும். பிறகு ஹில்பெர்ட் உருமாற்றம் என்னும் கணக்கில் உறையை (அலையின் வீச்சு ஏறி இறங்கும் வடிவத்தை) எடுத்து, டிபி அளவில் 40 டிபி வரை காட்டுங்கள்.

நரம்புப் புள்ளிகள் புன்னகை போல வளைந்து தெரிந்தால் ஒலி வேகத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது நுனியின் உயரத்தைச் சரியாக அளக்கவில்லை. ஆழத்தில் மங்குவது தப்பல்ல. திசுவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரை டிபி வீதம் தேயும். 5 மெகாஹெர்ட்ஸில் 2 செ.மீ. ஆழம் போய்வர 10 டிபி, 20 மெகாஹெர்ட்ஸில் 40 டிபி. கூர்மை வேண்டுமா, ஆழம் வேண்டுமா என்ற பேரம் எல்லா ஸ்கேனுக்கும் உள்ளதுதான்.

படி 9: நுங்கு

கடல்பாசி சரியாக வந்துவிட்டால் ஆர்வக்கோளாறில் கையை, விரலைத் தொட்டியில் விட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். மனிதரிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அது உங்கள் விரலாக இருந்தாலும்.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து நுங்கு வரும் பருவத்தில், வெட்டுகிறவரிடம் கண்ணைப் பெருவிரல் போட்டுத் தோண்டாமல் முழுசாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். சுற்றிலும் வழுவழுப்பான சதை, நடுவில் நீர். டாக்டர்கள் ஸ்கேனில் பார்க்கும் நீர்க்கட்டியின் அமைப்பு அப்படியே இதுதான். தோலைத் தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள், வெளியே உரித்தால் காற்று ஒட்டும். ரொம்ப முற்றியதும் வேண்டாம், ரொம்ப இளசும் வேண்டாம்.

எங்களுக்கு முதல் இரண்டு நுங்கில் ஒன்றும் தெரியவில்லை. மேல்விளிம்பு பளிச்சென்று வந்தது, அதன் கீழே முழுக்க இருட்டு. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை, நீர் கசிந்து காற்று புகுந்திருந்தது. காற்றுக்குப் பின்னால் நிழல்தான். மூன்றாவதில் மேல்விளிம்பு, அதற்குக் கீழே சதையின் மங்கலான பொடி, பிறகு மெல்லிய ஒரு கோடு, அப்புறம் சுத்தக் கறுப்பாக ஒரு நீள்வட்டம், அதன் அடியில் மறுபடி கோடு. சதைக்கும் நீருக்கும் ஒலி வேறுபாடு குறைவு என்பதால் அந்தக் கோடு 256 சராசரியில் தெரியவில்லை, 1024 வரை போக வேண்டியிருந்தது.

படம் எடுத்து முடித்ததும் இழை நுனியைச் சுத்தமான தண்ணீரில் அலசி, மூடியுள்ள சோதனைக் குழாயில் தண்ணீரிலேயே தொங்கவிடுங்கள். காயவிட்டால் பசை சுருங்கி, மறுநாள் சரிவை முதலிலிருந்து தேட வேண்டும். நுங்கைத் தின்றுவிடாதீர்கள், அது கண்ணாடித் துகள் விழுந்த லேப் தொட்டியில் கிடந்தது.